ஃபைல் கட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி: சேலத்துல 16 வருஷ ரெக்கார்ட் வேலை

லைப்ரரி சயின்ஸ் படிக்கற பசங்க, ஹிஸ்டரி முடிச்சுட்டு குரூப் 4க்கு படிச்சுட்டு இருக்கற பிள்ளைங்க நிறைய பேர் என்கிட்ட கேட்கறது ஒன்னுதான், அக்கா இந்த ஆர்க்கைவ்ஸ் வேலைக்கு எப்படி வர்றது, எந்த ஸ்கேனர் வாங்கறது, எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, வைக்கறதுன்னு. டிபிஐ எல்லாம் அரை நாள்ல கத்துக்கலாம். நான் கத்துக்க இத்தனை வருஷம் ஆனது வேற விஷயம். ஒரு பேப்பரோ போட்டோவோ எது பக்கத்துல இருந்துச்சு, அது மேல யாரு என்ன நம்பர் எழுதினாங்க, அந்தத் தகவல் போச்சுன்னா பேப்பர் கையில இருந்தும் இல்லாத மாதிரிதான். இதை நான் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

2009ல படிப்பு முடிச்சுட்டு அம்மாபேட்டைல வீட்ல இருந்தேன், அப்பாவுக்கு தறி, ரெண்டு தறில ஒன்னு நின்னு போயிருந்த நேரம் அது, ஏதாவது வேலைக்குப் போயே ஆகணும். ஒரு அரசு அலுவலகத்துல பழைய ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்ற கான்ட்ராக்டை ஒரு கம்பெனி எடுத்திருந்தாங்க, அதுக்கு ஆள் வேணும்னாங்க, போயிட்டேன். பக்கத்துக்கு இத்தனை பைசான்னு கணக்கு. அதனால வேகமா போட்டாத்தான் காசு. பதிவறைல காடாத்துணில கட்டி வச்சிருக்கற ஒரு கட்டை இறக்கினா உள்ள எல்லா சைஸ்லயும் பேப்பர் இருக்கும், லீகல் சைஸ், அரைத்தாள் மனு, போஸ்ட்கார்டு, நாலா மடிச்ச ஸ்கெட்ச், ட்ரேசிங் துணில வரைஞ்ச மேப்பு, இப்படி. ஃபீடர் ஸ்கேனர்ல ஒவ்வொரு சைஸுக்கும் கைடை மாத்திட்டே இருந்தா நேரம் போகுது. நான் என்ன பண்ணேன்னா டேக் கயித்தை அவுத்து, குண்டூசி எல்லாம் புடுங்கி, ஒரே சைஸ் பேப்பரை எல்லாம் ஒன்னா சேர்த்து மளமளன்னு போட்டேன். ரெண்டு நாள்ல 11 கட்டு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினாரு.

மூணாவது நாள் பதிவறை உதவியாளர் வந்து பார்த்தாரு, ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது அவருக்கு, நாங்க எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுவோம். சைஸ் வாரியா நான் அடுக்கி வச்சிருந்ததைப் பார்த்துட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. திட்டவே இல்லை. ஒரு மனுவை எடுத்து என்கிட்ட நீட்டி, "கண்ணு, இந்த மனு எந்த உத்தரவுக்குன்னு இனிமே யாரு சொல்லுவா?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல.

அப்புறம் மூணு வாரம், சம்பளக் கணக்குல வராத மூணு வாரம், அவரும் நானும் உட்கார்ந்து அந்த 11 கட்டையும் திரும்பச் சேர்த்தோம். எப்படிச் சேர்க்கறதுன்னு அவருதான் காட்டினாரு. மேல் மூலைல சிவப்பு மையில பக்க நம்பர் இருக்கும், ந.க. எண், அதாவது அந்த ஃபைலோட நம்பர் இருக்கும், அது ரெண்டும் இல்லாத துண்டுச் சீட்டுக்கு குண்டூசி துரு. ஒரே குண்டூசில இருந்த அஞ்சாறு பேப்பர்லயும் ஒரே இடத்துல அதே நீளத்துக்கு பழுப்புக் கோடு விழுந்திருக்கும், மேல இருக்கற பேப்பர்ல அடர்த்தியா, கீழ போகப் போக மங்கலா. ஜன்னல் வெளிச்சத்துல ஒன்னு மேல ஒன்னு வச்சு ஓட்டையும் ஓட்டையும் சேருதான்னு பார்த்துப் பார்த்து கோர்த்தோம். குறிப்புக் கோப்பு தனி, நடப்புக் கோப்பு தனின்னு ஒரு ஃபைலுக்கு ரெண்டு பாகம் இருக்குங்கறதையே அப்பதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன், மனு, அறிக்கை, கடிதம் எல்லாம் நடப்புக் கோப்புல வரும், ஆபீஸ்ல ஒருத்தருக்கொருத்தர் எழுதி முடிவெடுத்தது குறிப்புக் கோப்புல இருக்கும். ஒன்னு இல்லாம இன்னொன்னு பாதிக் கதைதான் சொல்லும்.

அன்னைல இருந்து ஒரு கட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுவேன், எந்த ரேக், எத்தனாவது தட்டு, இடது பக்கத்துல இருந்து எத்தனாவது, முடிச்சு எப்படி போட்டிருக்கு வரைக்கும். மேல இருக்கற சீட்டை எழுத்துக்கு எழுத்து அப்படியே டைப் பண்ணிடுவேன். அதுக்கப்புறம்தான் கயித்துல கை வைப்பேன்.

அந்த ஐயா கத்துக்கொடுத்த இன்னொன்னு முடிவு முத்திரை. ஒரு ஃபைல் முடிஞ்சதும் அது எத்தனை வருஷம் இருக்கணும்னு முடிவு பண்ணி எழுதுவாங்க, நி.மு.ன்னா நிரந்தரம், ப.மு.ன்னா பத்து வருஷம், மூ.மு. மூணு வருஷம், ஓ.மு. ஒரு வருஷம். பழைய இங்கிலீஷ் ஃபைல்ல இதையே ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ்.னு போட்டிருக்கும். ரெண்டே எழுத்துதான், ஆனா அந்த ஃபைலோட ஆயுசு அதுலதான் இருக்கு. எங்க கம்பெனி கொடுத்த என்ட்ரி ஃபார்ம்ல இதுக்கு ஒரு கட்டமே இல்லை. கேட்டப்ப "தேவையில்லாததை எல்லாம் சேர்க்காதம்மா"ன்னாங்க. இன்னைக்கு நான் எந்த இன்டெக்ஸ் போட்டாலும் கோப்பு எண்ணுக்குப் பக்கத்துக் கட்டம் அதுதான்.

பசலி விஷயம் தனியா சொல்லணும், இந்த ஒரு குழப்பத்தால எத்தனை பேர் பட்டாவுக்கும் அடங்கல்ங்கற சாகுபடிக் கணக்குக்கும் அலைஞ்சிருக்காங்கன்னு நான் கண்ணால பார்த்திருக்கேன். ரெவின்யூ கணக்கு எல்லாம் பசலி வருஷத்துலதான் ஓடும், ஜூலை 1ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடியும், பசலி நம்பரோட 590 கூட்டினா அது ஆரம்பிச்ச இங்கிலீஷ் வருஷம் வரும். பசலி 1362ன்னா 1952 ஜூலைல இருந்து 1953 ஜூன் வரை. என்ட்ரி ஃபார்ம்ல வருஷம்னு நாலு கட்டம், அவ்வளவுதான். ஒரு பொண்ணு 1362ன்னே போட்டா, ஒரு பையன் 1952ன்னு போட்டான், நான் 1953ன்னு போட்டேன், மூணு பேரும் மனசறிஞ்சு தப்பு பண்ணல. ஆனா தேடி வர்ற விவசாயி 1952ன்னு சொன்னா மூணுல ஒன்னுதான் ஸ்கிரீன்ல வரும், மத்த ரெண்டும் அந்த கம்ப்யூட்டர்ல இருந்தும் "ரெக்கார்ட் இல்லை"ன்னு பதில் வரும். இல்லைன்னு ஒருதடவை வந்துட்டா அவரு அதை நம்பித்தானே ஆகணும். இதுக்கு நான் இப்ப பண்றது, பேப்பர்ல என்ன இருக்கோ அதை அப்படியே ஒரு கட்டத்துல, நான் புரிஞ்சுக்கிட்டது எது முதல் எது வரைன்னு வேற ரெண்டு கட்டத்துல. என் கணக்கு தப்பா இருந்தாலும் மூலம் அங்கயே இருக்கும், பின்னாடி வர்றவங்க திருத்திக்கலாம். ஊர்ப் பேருக்கும் இதேதான். சேர்வராயன், ஷெவராய், சேர்வராயமலைன்னு மூணு விதமா எழுதியிருந்தா மூணையும் வச்சுக்கணும், நமக்குப் பிடிச்ச ஒன்னா மாத்தக்கூடாது. மாவட்டம் பிரிஞ்ச கதையும் தெரிஞ்சிருக்கணும், தர்மபுரி 1965லதான் சேலத்துல இருந்து பிரிஞ்சது, நாமக்கல் 1997ல, கிருஷ்ணகிரி தர்மபுரில இருந்து 2004ல. ஓசூர்ல ஒருத்தர் 1950 வாக்குல நடந்த விவகாரத்தைத் தேடினா அவர் தாத்தா மனு போட்டது சேலம் ஜில்லாவுக்கு. இது தெரியாம ரெண்டு மாவட்டத்துக்கு நடையா நடந்தவங்க இருக்காங்க. அளவும் அப்படித்தான், பழைய கணக்கு ஏக்கர் சென்ட், 1979ல இருந்து 1987 வரைக்கும் நடந்த யுடிஆர்ங்கற நில ஆவணப் புதுப்பிப்புல ஹெக்டேர் ஏர்ஸ்க்கு மாறிடுச்சு, ஒரே நிலம் ரெண்டு ரெக்கார்ட்ல ரெண்டு விதமா தெரியும். ஏக்கரை நீங்களா ஹெக்டேரா மாத்தி டைப் பண்ணிடாதீங்க, தயவு செஞ்சு.

டிஜிட்டல் ரெக்கார்ட்னா பேப்பரை விட பத்திரம்னு ஒரு நினைப்பு இருக்கு. 2014ல ஒரு இடத்துல 60 சிடி கொடுத்தாங்க, 2003, 2004ல எழுதினது. கவர் மேல ஸ்கெட்ச் பேனால "முக்கியம்"னு மட்டும் எழுதியிருந்தது. 9 திறக்கவே இல்லை. திறந்ததுலயும் வேர்ட் ஃபைலைத் தொட்டா தலையும் புரியல வாலும் புரியல, இங்கிலீஷ் எழுத்து மேல எல்லாம் புள்ளியும் கோடுமா ஒரு வரிசை. அங்கிருந்த ஊழியர் ஒருத்தர், பாவம் நல்லெண்ணத்துலதான், "வைரஸ் புடிச்சிருக்கும்மா, டெலீட் பண்ணிடலாமா"ன்னாரு. வைரஸ் இல்லை, வானவில் ஃபான்ட். அப்ப ஆபீஸ் எல்லாம் வானவில்லயும் அந்த மாதிரி வேற ஃபான்ட்லயும்தான் அடிப்பாங்க, தமிழ்நாடு அரசு யூனிகோட், டேஸ் 16ங்கற எழுத்துக் குறியீடு ரெண்டையும் தரம்னு ஏத்துக்கிட்டதே 2010ல. அதுக்கு முந்தின ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இப்படித்தான் தெரியும்.

இந்த மாதிரி ஃபைல் உங்க கைக்கு வந்தா முதல்ல மூல ஃபைலைத் தொடாம ஒரு காப்பி எடுங்க, எந்த ஃபான்ட்னு குறிச்சு வைங்க, அப்புறம் காப்பியை யூனிகோடுக்கு மாத்துங்க, ரொம்ப நாள் சேமிச்சு வைக்கறதுக்கான பிடிஎஃப் ஏல ஒன்னு போட்டு வைங்க. மாத்தினதை நம்பிடாதீங்க. பழைய ஃபான்ட்ல கொம்பு எழுத்துக்கு முன்னாடி தனியா உட்கார்ந்திருக்கும், மாத்தறப்ப அது பக்கத்து எழுத்துக்குத் தாவிடும், கொ கோ எல்லாம் குழம்பும், பேருங்கதான் அதிகமா அடி வாங்கும். அதனால நானும் என்கூட வேலை செய்யற பொண்ணும் ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க இன்னொருத்தர் பிரின்ட்ல விரல் வச்சுப் பார்ப்போம், பேரு, சர்வே நம்பர், தொகை இந்த மூணுல ஒன்னு விடாம. டைப்ரைட்டர் காலத்து பேப்பர்னா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின ணை, லை, றா எல்லாம் வேற வடிவத்துல இருக்கும், படத்துல இருந்து எழுத்தைப் படிக்கற ஓசிஆர் அதுல திணறும், அங்கயும் கண்ணுதான்.

ஃபைல் கெட்டுப்போகலைன்னு எப்படித் தெரியும்னா செக்சம். ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள எண் வரும், உள்ள ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் ஓடவிட்டு பழைய எண்ணோட ஒத்துப் பார்ப்பேன். மூணு காப்பி, ரெண்டு வகை மீடியால, ஒன்னு வேற ஊர்ல. என்னோட மூணாவது ஹார்டு டிஸ்க் நாமக்கல்ல என் தங்கச்சி வீட்டு பீரோல இருக்கு.

இனி போட்டோ. 2016ல செவ்வாய்பேட்டைல ஒரு ஸ்டூடியோவை மூடறாங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணாரு. அப்பா ஆரம்பிச்ச ஸ்டூடியோ, மகனுக்கு வேற தொழில், மாடில மூட்டை மூட்டையா நெகட்டிவ். செவ்வாய்பேட்டைன்னா வெள்ளி, கொலுசுப் பட்டறை, கருப்பு வெள்ளை ஃபிலிம்ல வெள்ளி இருக்குன்னு அங்க எல்லாருக்கும் தெரியும், பழைய எக்ஸ்ரேயையும் நெகட்டிவையும் எடைக்கு வாங்கி வெள்ளி பிரிக்கறவங்க உண்டு. அந்த மகன் ரெண்டு மூட்டை ஏற்கனவே கொடுத்துட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, வீடு காலி பண்ணணும், அது என்னன்னே அவருக்கு யாரும் சொல்லல. நான் ஓடினேன்.

மாடி ஏறினதும் புளிச்ச வாடை, காடி வாடை. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பிச்சா அப்படி வாடை வரும், ஃபிலிம் சுருங்கி அலை அலையா வரும், அந்த ஆவி பக்கத்துல இருக்கற நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். அதனால முதல் வேலை மூக்கால பிரிக்கறது. வாடை வர்றதை தனியா, காத்தாட, பிளாஸ்டிக் கவர்ல அடைக்காம. ஃபிலிம் ஓரத்துல சேஃப்டின்னு அச்சு இருக்கான்னு பார்க்கணும், 1950க்கு முந்தின பழைய ஷீட் ஃபிலிம்ல அது இல்லைன்னா நைட்ரேட்டா இருக்கலாம், சட்டுனு தீப்பிடிக்கும், வீட்ல வைக்கவே கூடாது. அடியில ரெண்டு மரப்பெட்டில கண்ணாடி நெகட்டிவ், ஹாஃப் பிளேட் சைஸ், ஒன்னு மேல ஒன்னா படுக்க வச்சிருந்தாங்க, கீழ இருந்தது பாதி விரிசல். கண்ணாடியை நிமிர்த்தி நீள ஓரம் கீழ இருக்கற மாதிரி நிக்க வைக்கணும்.

இங்க ஒரு தப்பு பண்ண இருந்தேன். ஒரு நெகட்டிவ்ல முகத்து மேல லேசா அழுக்கு மாதிரி தெரிஞ்சது, துணியால ஒத்தி எடுக்கலாம்னு கையைக் கொண்டுபோனேன். நல்லவேளை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். அழுக்கு இல்லை, பென்சில் கோடு. மயிரிழை மயிரிழையா, கன்னத்துல அம்மைத் தழும்பு இருந்த இடத்துல மட்டும், அந்தத் தழும்பு பிரின்ட்ல தெரியாம இருக்க அந்த ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்து போட்ட டச்சிங். அந்தப் பொண்ணுக்கு வரன் பார்க்க எடுத்த போட்டோவா இருக்கும்னு நினைக்கறேன், உடுத்தியிருந்த விதம் அப்படி. ஒரு தடவை துடைச்சிருந்தா அவரோட வேலையும் போயிருக்கும், அந்தப் பொண்ணு எப்படித் தெரியணும்னு ஆசைப்பட்டாங்கறதும் போயிருக்கும். இமல்ஷன் பக்கம், அதாவது மங்கலா இருக்கற பக்கம், கையும் வைக்கக்கூடாது துணியும் வைக்கக்கூடாது. மெல்லிசா காத்தடிக்கற பம்பு போதும்.

அந்த மாடில எனக்குக் கிடைச்சதுலயே பெரிய பொருள் நெகட்டிவ் இல்லை, டே புக்கு. நீள நோட்டு, 6 நோட்டு. நம்பர், பேரு, தெரு, சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு. நெகட்டிவ் கவர்ல அதே நம்பர். அந்த நோட்டை பழைய பேப்பரோட போட கீழ கொண்டு வந்து வச்சிருந்தாங்க, வாசப்படில இருந்து எடுத்தேன். நோட்டு இல்லைன்னா ஆயிரக்கணக்குல முகம் மட்டும் இருந்திருக்கும், யாருன்னே தெரியாம. ஸ்டூடியோ கலெக்‌ஷன் எடுக்கப் போறவங்க ஃபிலிமைப் பார்க்கறதுக்கு முன்னாடி நோட்டு, பில் புக்கு, கவர், சீல் இதெல்லாம் எங்கன்னு கேளுங்க.

பேரு தெரியாத போட்டோவுக்கு வருஷம் கண்டுபிடிக்க சின்னச் சின்ன வழி இருக்கு. கவர்லயோ பின்னாடியோ ஸ்டூடியோ சீல்ல "சேலம்-1"ன்னு மட்டும் இருந்தா பெரும்பாலும் பழசு, 636ல ஆரம்பிக்கற ஆறு நம்பர் இருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம், அன்னைக்குத்தான் பின்கோடு வந்துச்சு. ஆனா நெகட்டிவ் பழசா இருந்து காப்பி பின்னாடி போட்டிருக்கலாம், அதனால சீல் காப்பியோட வயசைத்தான் சொல்லும். இந்து பிராண்ட் போட்டோ பேப்பர்னா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், அங்க உற்பத்தி ஆரம்பிச்சது 1967. போட்டோவுக்குள்ள தெரியற போர்டுல மெட்ராஸ் ஸ்டேட்னு இருந்தா 1969 ஜனவரிக்கு முன்னாடி எழுதின போர்டு. எதையும் "1965"ன்னு அடிச்சுச் சொல்லாதீங்க, "1957க்கு அப்புறம், 1972க்கு முன்னாடி, காரணம் இது"ன்னு எழுதுங்க.

ஸ்கேன் பத்தி கேட்டவங்களுக்கு சுருக்கமா: பிரின்ட்டுக்கு 600 டிபிஐ, 35எம்எம் நெகட்டிவ்னா 3000க்கு மேல, டிஃப் ஃபைலா மாஸ்டர், ஜேபெக் பார்க்கறதுக்கு. மாஸ்டர்ல கீறலைத் திருத்தறது, கலர் போடறது எதுவும் கூடாது. போட்டோ பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. பின்னாடி எழுதணும்னா பென்சில், ஓரத்துல, கண்ணாடி மேல வச்சு லேசா. செல்லோடேப் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்த ஒட்டற ஆல்பம் இருக்கே, பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கி உள்ள வைக்கறது, எத்தனை வீட்டுக் கல்யாண போட்டோவை அது தின்னிருக்குன்னு சொன்னா வயிறு எரியும். ஒட்டிக்கிட்டா பிக்காதீங்க, ஆல்பத்தோட வச்சு படம் எடுத்துடுங்க.

அந்த கலெக்‌ஷன்ல குகை வண்டி வேடிக்கை போட்டோ 40க்கு மேல இருந்தது. ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு தெருவுக்குத் தெரு சாமி வேஷம் கட்டி வண்டில வருவாங்களே, அது. டே புக்குல வெறும் "வண்டி, 3 காப்பி"ன்னுதான் இருந்தது. பிரின்ட் போட்டு எடுத்துக்கிட்டு குகைல ஒரு தட்டுவடை செட் கடை பெஞ்சுல சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் யாரும் பக்கத்துல வரல. ரெண்டாவது நாள் ஒரு பாட்டி, 80க்கு மேல இருக்கும், பார்வதி வேஷத்துல இருந்த ஆளைப் பார்த்து "இது எங்க வீட்டுக்காரர்"னு சொல்லுச்சு. நான் பொம்பளைன்னே நினைச்சிருந்தேன். எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டா, "அந்த வளையல் என்னுது கண்ணு, அவருக்கு கைக்கு ஏறாம சோப்பு போட்டு ஏத்தினேன், ராத்திரி கழட்ட முடியாம ஒன்ன ஒடைச்சோம்"னுச்சு. அது எந்த வருஷம்னு கேட்டதுக்கு மூத்தவன் வயித்துல இருந்தப்பன்னுச்சு, மூத்தவர் ரேஷன் கார்டு வயசை வச்சு வருஷத்தைப் பக்கத்துல கொண்டு வந்தோம். நாலு மாசம் கழிச்சு பாட்டி தவறிட்டாங்க. அந்த சாயங்காலம் நான் போகலைன்னா அது இன்னைக்கும் "பார்வதி வேஷம், பெண், பெயர் தெரியவில்லை"ன்னுதான் இருக்கும், அதுவும் தப்பா.

எல்லாத்தையும் இன்டர்நெட்ல போடலாமான்னு கேட்பாங்க. போடக்கூடாது. காசு கொடுத்து தனக்காக எடுத்துக்கிட்ட போட்டோ அது. இறந்தவங்களை உட்கார வச்சு எடுத்த போட்டோ இருக்கும், வரன் போட்டோ இருக்கும். ஒரு அம்மா வந்து தன் கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஒன்னை வெளிய காட்ட வேண்டாம்னு சொன்னாங்க, காரணம் கேட்கல, அந்த நம்பருக்கு நேரா "காட்டக்கூடாது"ன்னு எழுதிட்டேன்.

ஏற்காட்டுக்கு வர்றேன். கீழ சேலத்துல நமக்கு எதிரி வெயிலும் கரையானும், மேல ஈரம். மழைக்காலத்துல மூடுபனி ஜன்னல் வழியா உள்ள வந்து பீரோக்குள்ள உட்காரும், காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல இருந்த பழைய செக்ரோல் நோட்டு, அதாவது வேலையாட்கள் பேரும் கூலியும் எழுதற நோட்டு எல்லாம் பூஞ்சை புடிச்சு ஒரே கட்டியா இருந்தது. பூஞ்சை புடிச்சதை வெயில்ல காயப் போடாதீங்க, பேப்பர் முறுகி ஒடையும், மை வெளுத்துடும். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு, நிழல்ல, நேரா படாம ஃபேன் போட்டு, நடுநடுல உறிஞ்சற வெள்ளைத் தாள் வச்சு மாத்தி மாத்தி காய வைக்கணும். காஞ்சப்புறம்தான் மெல்லிசான பிரஷ். பீரோவை சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சாலே பாதி பிரச்சனை போகும்.

அந்த செக்ரோல் வேலைக்காக மேல தங்கியிருந்தப்பதான் மலையாளி பழங்குடி பெரியவர் ஒருத்தர் என்னைத் தேடி வந்தாரு, நாகலூர் பக்கம். பேத்திக்கு காலேஜ் சேர ஜாதிச் சான்று வேணும், பழங்குடிச் சான்றை ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்கணும், பழைய ஆதாரம் கேட்கறாங்க, இவர்கிட்ட ஒன்னும் இல்லை. "நீங்க பழைய பேப்பர் எல்லாம் படிப்பீங்களாமே தாயி, எங்கப்பன் பேரு எங்கயாவது இருக்கா"ன்னாரு. செக்ரோல்ல பேரு இருந்தது, ஆனா கூலி மட்டும்தான், ஜாதி இல்லை. கிராமத்துக்காரங்களை விசாரிச்சு, கடைசில ஒரு பழைய பள்ளிக்கூடத்துல தகரப்பெட்டிக்குள்ள அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்குன்னு தெரிஞ்சது, செல்லரிச்சு மேல அட்டை போயிருந்தது. அதுல பெரியவரோட அண்ணன் பேரு, அப்பா பேரு, ஜாதி கட்டத்துல மலையாளின்னு கோணல் கையெழுத்துல. புள்ளி வைக்காம எழுதின எழுத்து, நாலு தடவை படிச்சேன். பெரியவருக்குப் படிக்கத் தெரியாது, அந்த வரியில விரலை வச்சுக்கிட்டு எடுக்கவே இல்லை.

அப்ப அந்த ரிஜிஸ்டரை பத்திரமா வைக்கறேன்னு நான் கீழ எடுத்துட்டுப் போகலாம்னு தோணுச்சு. எடுக்கல, எடுத்திருந்தா அது ஆதாரமாவே இருந்திருக்காது. யார் பொறுப்புல இருக்கணுமோ அவங்க கையிலயே இருந்து, தலைமை ஆசிரியர் கையெழுத்து போட்டு சீல் வச்சுக் கொடுக்கற நகலுக்குத்தான் மதிப்பு. என் ஸ்கேனை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தா ஏத்துக்கணும்னு இல்லை. கோர்ட்லயும் டிஜிட்டல் நகலுக்கு சான்றிதழ் வைக்கணும், முன்னாடி சாட்சியச் சட்டத்துல 65பி, 2024 ஜூலைல இருந்து புதுச் சட்டத்துல பிரிவு 63. அதனால "ஸ்கேன் ஆயிடுச்சே, பேப்பரை எடைக்குப் போட்டுடலாமா"ன்னு எந்த ஆபீஸ்லயாவது கேட்டா குறுக்க நில்லுங்க. ஒரு இடத்துல நான் போய்ச் சேர்றதுக்குள்ள போட்டுட்டாங்க, ஸ்கேன்ல ஒத்தைப்படை பக்கம் மட்டும்தான் இருந்தது, பின்பக்கத்தை யாரும் எடுக்கல.

பேத்திக்கு சான்று கிடைச்சுது, ஏழு மாசம் ஆச்சு. நர்சிங் படிக்கறா.

படிப்பு பத்தி. டெல்லில நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஆர்க்கைவல் ஸ்டடீஸ் ஸ்கூல் இருக்கு, ஒரு வருஷ டிப்ளமா, அதோட சில வாரத்துல முடியற குறுகியகால கோர்ஸும் நடத்தறாங்க, கன்சர்வேஷனுக்கு அது நல்ல ஆரம்பம். நம்ம ஊர்ல பெரியார் பல்கலைல லைப்ரரி சயின்ஸ். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909ல இருந்து இருக்கு, ஒரு வாரம் போய் உட்கார்ந்து ஃபைல் எடுத்துப் படிங்க, தேடறவங்க படற பாடு தெரிஞ்சாத்தான் நல்லா இன்டெக்ஸ் போட வரும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல தமிழ்நாட்டு ஸ்டூடியோ போட்டோங்களை பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, அவங்க ஒவ்வொரு படத்துக்கும் என்னென்ன தகவல் குறிச்சிருக்காங்கன்னு பாருங்க. தகவல் உரிமைச் சட்டம் 2005ல பிரிவு 4(1)(அ) படிச்சு வைங்க, ஒவ்வொரு பொது அலுவலகமும் ரெக்கார்டை பட்டியல் போட்டு இன்டெக்ஸ் பண்ணி வைக்கணும்னு சொல்லுது, மேலதிகாரிகிட்ட ரேக் கேட்கவும் ஆள் கேட்கவும் அதுதான் பிடி.

சம்பளம் நிலையா வர எனக்கு எட்டு வருஷம் ஆச்சு, மறைக்கல. குரூப் 4ல இளநிலை உதவியாளரா உள்ள போய் பதிவறை கேட்டு வாங்கினவங்க நல்லா இருக்காங்க, மத்தவங்க போக விரும்பாத செக்‌ஷன் அது, கேட்டா கிடைக்கும். தனியா எடுத்துச் செய்யறவங்க பக்கக் கணக்குல விலை பேசாதீங்க, பிரிக்கறது, படிக்கறது, விவரம் எழுதறது இதுக்குத்தான் நேரம் போகும், நான் ஒரு கட்டுக்கு இத்தனை நாள்னு பேசறேன். யாரோட பொருள், யாருக்குத் திரும்பப் போகும், காப்பி யார்கிட்ட இருக்கும்னு ஒரு லெட்டர் முதல் நாளே கையெழுத்து வாங்கிடுங்க.

ஐயா ரிட்டயர் ஆனப்ப ஒரு 40 பக்க நோட்டை என்கிட்ட கொடுத்தாரு. எந்த ரேக்ல எது இருக்குன்னு 30 வருஷமா அவர் தனக்காக எழுதி வச்சது, ஆபீஸ் ரெக்கார்டுல அது கிடையாது. நான் அதை டைப் பண்ணி அந்தப் பதிவறைக்கே ஒரு காப்பி கொடுத்தேன், வாங்கி மேஜைக்குள்ள வச்சாங்க, மேஜையே மாறிடுச்சு. மறுபடி ஒன்னு பிரின்ட் எடுத்து ரேக் பக்கவாட்டுலயே கயிறு போட்டுத் தொங்கவிட்டுட்டு வந்தேன், போன மாசம் போனப்பவும் தொங்குது, ஓரத்துல யாரோ புதுசா ரெண்டு வரி பேனால சேர்த்திருக்காங்க.

வண்டி வேடிக்கை போட்டோவுல இன்னும் 17க்கு பேரு இல்லை. வர்ற ஆடிக்கு அதே கடை பெஞ்சுல சாயங்காலம் அஞ்சு மணில இருந்து உட்காரப் போறேன், பெரிய சைஸ்ல பிரின்ட் போட்டாச்சு. குகைப் பக்கம் வீட்ல வயசானவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, நடக்க முடியாதுன்னா சொல்லுங்க, நான் வீட்டுக்கே எடுத்துட்டு வர்றேன்.